மார்க்கு ஆளுக்கா, மாத்திரைக்கா?

எதிரே வந்து உட்கார்ந்தவரிடம் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பதற்கு முன்னாலேயே கையில் பென்சிலைத் திணித்துவிட்டு ஸ்டாப்வாட்ச்சை அமுக்குகிற தொழில் என்னுடையது. பரீட்சை ஹாலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தவர்களும், லைசன்ஸ் எடுக்க வந்தவர் பக்கத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்களும், வீட்டில் பிள்ளையிடம் வாய்ப்பாடு கேட்டுத் தொண்டை கட்டிப்போனவர்களும் இருந்தால் கொஞ்சம் கிட்டே வாருங்கள். உங்கள் கஷ்டம் எனக்குப் புரியும். என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

மலேசியாவில், கோல சிலாங்கூரில் ஒரு மனநல கிளினிக்கில் உளவியல் சோதனை எடுக்கிறேன். மனச்சிதைவு நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு ஞாபகம் எப்படி, கவனம் எப்படி, கைவேகம் எப்படி என்று பார்த்து டாக்டருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். பரீட்சை வைப்பதால் என்னை எல்லாரும் "டீச்சர்" என்பார்கள். நான் டீச்சர் இல்லை என்று ஆரம்பத்தில் ஒவ்வொருவரிடமும் சண்டை போட்டேன். இப்போது பாசாரில் மீன்காரரே டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார், விட்டுவிட்டேன்.

இந்த வேலையில் ஒரு சிக்கல் இருக்கிறது. மருந்து பயத்தைக் குறைக்கும், காதில் கேட்கிற குரல்களை அடக்கும், வீட்டில் எல்லாரும் தூங்கலாம். அதே மருந்து கையை மெதுவாக்கும், வாயை உலர்த்தும், பசியைக் கிளப்பும், கிட்டத்தில் இருக்கிற எழுத்தை மங்கலாக்கும். மார்க்குக் குறைந்தால் அது வியாதியாலா, மாத்திரையாலா, சோதனை எடுத்த ஆளின் மடத்தனத்தாலா என்று தாள் சொல்லாது. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது என்பதே எனக்குப் பல வருஷம் தோன்றவில்லை.

அது தோன்றுவதற்குக் காரணம் தனலெட்சுமி. பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்து எஸ்டேட்டில் இருக்கிறார், முப்பத்தெட்டு வயது, எல்லாருக்கும் தனம். ரவாங்கில் ஒரு பேக்டரியில், வரிசையாக வருகிற சாமானில் குறை இருந்தால் பார்த்து எடுத்துப் போடுகிற செக்கர் வேலை பதினோரு வருஷம் செய்தவர். நோய் வந்து நீண்ட லீவில் இருந்து, இப்போது நன்றாகத் தேறிவிட்டார். கவனமும் ஞாபகமும் வேலைக்குப் போதும் என்று கிளினிக் எழுதிக் கொடுத்தால் திரும்ப எடுத்துக்கொள்வதாகவும், அந்த வருஷக் கடைசிவரைதான் அவர் இடத்தை வைத்திருக்க முடியும் என்றும் பேக்டரி சொல்லியிருந்தது. கிளினிக்கின் கடிதம் என் தாளைப் பார்த்துத்தான் எழுதப்படும். ஆக, அந்த மனுஷியின் பிழைப்பு என் பென்சில் முனையில் நின்றது.

சத்து கூடட்டும்

தனத்துக்கு முன்னால் முனியாண்டியைச் சொல்லிவிடுகிறேன். அவரை அக்கா கூட்டிக்கொண்டு வந்தார். முனியாண்டி கல்யாணத்துக்குப் போகிற மாதிரி பூப்போட்ட பத்தேக் சட்டை, நெற்றி நிறைய விபூதி, பையில் மூன்று பேனா. மூன்றும் பூஜையில் வைத்து எடுத்தது என்று அக்கா சொன்னார். என் சோதனைக்குப் பென்சில்தான் வேண்டும் என்றதும் அக்காவுக்கு முகம் விழுந்துவிட்டது. "அதையும் கொடுங்க, கும்பிட்டுத் தரேன்" என்று என் பென்சிலை வாங்கிக் கண்ணில் ஒற்றிக் கொடுத்தார்.

தாளில் எண் போட்ட வட்டங்கள் சிதறிக் கிடக்கும். ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து மூன்று என்று கோடு போட்டு இணைக்க வேண்டும். முனியாண்டி ஏழுவரைக்கும் நன்றாகத்தான் போனார். எட்டைத் தேடிக் கிளம்பிய கோடு மெதுவாக ஊர்ந்து, தாளை விட்டு இறங்கி, என் மேசை விரிப்பில் ஏறி, தேத்தண்ணிக் கோப்பை வரைக்கும் வந்து நின்றது. நிமிர்ந்து பார்த்தால் மனிதர் குறட்டை. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஸ்டாப்வாட்ச்சை நிறுத்தவில்லை. நேரம் முடிகிறவரைக்கும் அவர் தூங்குவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்து, "முடிக்கவில்லை" என்று எழுதினேன். அப்புறம்தான் டாக்டரைக் கூப்பிட்டேன். டாக்டர் வந்து ரத்த அழுத்தம் பார்த்து, ஆபத்து இல்லை என்று சொல்லிக் கட்டிலில் படுக்க வைத்து, கண் விழிக்கிறவரைக்கும் அனுப்பாமல் பார்த்துக்கொண்டார்.

என்ன நடந்தது என்று அக்காவைக் கேட்டேன். முந்தானையைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "பரீட்சைனு சொன்னீங்களே டீச்சர், அதான் இன்னிக்கு ராத்திரி மாத்திரையையும் காலையிலேயே கொடுத்துட்டேன், சத்து கூடட்டும்னு."

ஒரு நிமிஷத்தில் எத்தனை மிருகம்

ஒரு நிமிஷத்துக்குள் தெரிந்த மிருகங்களின் பெயரையெல்லாம் சொல்லச் சொல்வது இன்னொரு சோதனை. சேகர் ஈஜோக்கிலிருந்து வருகிறவர், எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டினவர், கலகலப்பான ஆள். அப்போதுதான் அவருக்கு மாத்திரை மாற்றியிருந்தார்கள். புதுசு அவருக்கு நன்றாக ஒத்துக்கொண்டது. ஒரே குறை, பசி. விடிந்தால் பசி, பொழுது சாய்ந்தால் பசி, சாப்பிட்டுக் கை கழுவும்போதே பசி.

நான் வாட்ச்சை அமுக்கினேன். சேகர் ஆரம்பித்தார். "கோழி. ஆடு. இறால். நண்டு. கணவாய்." எனக்குச் சந்தோஷம், நல்ல வேகம். "கணவாயில சம்பல்." நான் எழுதுவதை நிறுத்தினேன். "ஜெராம்ல கடலோரமா ஒரு கடை இருக்கு டீச்சர், அங்க நண்ட ரெண்டா ஒடச்சி..." என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த முப்பது வினாடி அந்த நண்டுக்கே போனது. கூட என்னென்ன போடுவார்கள், எந்தக் கிழமை கூட்டம் குறைவு, எல்லாம் வந்தது. நடுவில் நான் வாயைத் திறந்து துணை செய்யக் கூடாது என்பது சட்டம். ஆனாலும் வயிற்றெரிச்சல் தாங்காமல், "காட்டுல இருக்குமே, பெரிய பெரிய மிருகமெல்லாம்?" என்று கேட்டுவிட்டேன்.

சேகர் கண்ணைத் திறந்து, என்னை ஏதோ பரிதாபத்தோடு பார்த்தார். அன்றைக்குப் பத்து மணிக்கே நான் பசித்துக் கேண்டீனுக்கு ஓடினதற்கும் அவர்தான் காரணம். அந்தத் தாளில் கடைசியாக எழுதியிருப்பது அவர் சொன்ன பதில்: "யானைய யாரு டீச்சர் சாப்பிடுவா?"

ஒரு கண்ணாடி, ரெண்டு பேர்

ஆறாம் மாசத்தில் ஒரு புதன்கிழமை தனம் முதல் தடவை சோதனைக்கு வந்தார். தாளின் தலையில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஓர் அடையாளம் போட்டிருக்கும். கீழே வெறும் எண்கள். அதைப் பார்த்து இதில் அடையாளம் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு மார்க்கு. தனம் தாளை மூக்குக்கிட்டே கொண்டுபோனார், அப்புறம் கை நீட்டுகிற தூரத்துக்குத் தள்ளினார், அப்புறம் எழுந்து நின்று பார்த்தார். அவருக்குக் கைநடுக்கத்துக்காக ஒரு சின்ன வெள்ளை மாத்திரை கொடுத்திருந்தார்கள். அது கிட்டப் பார்வையை மங்க வைக்கும், ஞாபகத்தையும் கொஞ்சம் பிடித்து இழுக்கும். இது எனக்குத் தெரியும். படித்துப் பாஸ் பண்ணியிருக்கிறேன். அந்த நேரத்தில் அது என் தலைக்கு வரவில்லை.

பாவமாக இருந்ததால் என் வாசிக்கிற கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தேன். தனம் மாட்டிக்கொண்டதும் பென்சில் கடகடவென்று ஓடியது. இந்தப் பக்கம் எனக்கு ஸ்டாப்வாட்ச் தெரியவில்லை. முப்பதா, எண்பதா? கண்ணைச் சுருக்கினேன், சன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன், ஒன்றும் நடக்கவில்லை. "ஒரு நிமிஷம் கொடுங்க" என்று கண்ணாடியை வாங்கி நேரம் பார்த்தேன். தனம் நின்றார். திரும்பக் கொடுத்தேன். தனம் ஓடினார். இப்படி நான்கு தடவை கண்ணாடி மேசையைத் தாண்டியது. கடைசியில் எனக்குச் சட்டம் ஞாபகம் வந்து, சோதனைக்காரர் தன் சாமானைக் கொடுத்து உதவக் கூடாது என்று கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டேன்.

முடிவு என்ன வரும்? "கைவேகம் மிகக் குறைவு, ஞாபகம் குறைவு, வேலைக்கு இப்போது தகுதியில்லை." அப்படியே எழுதி அனுப்பினேன். தனம் கோபித்துக்கொள்ளவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு வாசல்வரைக்கும் போனவர் திரும்பிச் சொன்னார்: "ரெண்டு பேருக்கும் ஒரே கண்ணாடின்னா, டீச்சர், நம்மள்ல ஒருத்தர்தான் பாஸ் ஆக முடியும்."

சாட்சி

என் அறையின் ஏர்கோன் ரிப்பேருக்கு ஆள் வருவதாகச் சொன்னதால் ஒரு புதன்கிழமை விடிந்ததும் கிளினிக்குக்குப் போய்விட்டேன். புதன்கிழமைதான் ஊசிக்கும் வாராந்திர மருந்துக்கும் எல்லாரும் வருகிற நாள். எஸ்டேட் எஸ்டேட்டாகச் சுற்றி எல்லாரையும் ஏற்றிக்கொண்டு வேன் அன்றைக்கு ஒரு நாள்தான் வரும். ஆகவே என் சோதனைகளும் புதன்கிழமைதான். அதுவரைக்கும் நான் ஒன்பது மணிக்கு முன்னால் அந்த ஹாலைப் பார்த்ததே இல்லை.

அன்றைக்குப் பார்த்தேன். நர்ஸை நாங்கள் மிஸ்ஸி என்போம். மிஸ்ஸி உட்கார்ந்திருக்கும் கவுண்டர் முன்னால் வரிசை. ஒவ்வொருவர் கையிலும் தண்ணீர் போத்தல், ஒரு டிஷ்யூ பொட்டலம். பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே மாத்திரை. நேற்று ராத்திரி படுக்கப் போகும்போது சாப்பிட்டிருக்க வேண்டிய, ஆளை அடித்துப்போட்டுத் தூங்க வைக்கிற மாத்திரை. மிஸ்ஸி எதிரில் அதை வாயில் போட்டு, மடக்கென்று தண்ணீர் குடித்து, "ஆ" என்று வாயைத் திறந்து காட்டிவிட்டு நகர்கிறார்கள். மிஸ்ஸியும் பெருமையாகப் புத்தகத்தில் டிக் போடுகிறார். அங்கேயிருந்து நேராக என் அறை. நான் ஸ்டாப்வாட்ச்சோடு காத்திருக்கிறேன், மாத்திரை அவர்கள் கண்ணில் காத்திருக்கிறது. "நான் மருந்து சாப்பிட்டாச்சான்னு கேட்டேன், அவ்ளோதான் லா, இங்க வந்து சாப்பிடச் சொல்லல" என்று மிஸ்ஸி என்னிடம் சத்தியம் செய்யாத குறை.

பழைய ஃபைல்களை எடுத்துப் பார்த்தேன். தாளுக்குத் தாள் என் கையெழுத்தில் "சிந்தனை மந்தம்", "சிந்தனை மந்தம்". தனம் தாளிலும் அதேதான். வெட்கமாக இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழவும் செய்தேன். டாக்டரிடம் போய்ச் சொன்னேன். ராத்திரி மாத்திரை ராத்திரியே என்று எல்லாருக்கும் அவர் கண்டிப்பாகச் சொன்னார். தனத்துக்கு நடுக்கம் நின்று வெகுநாள் ஆகியிருந்ததால் அந்தச் சின்ன வெள்ளை மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார், கண்ணாடி வாங்கவும் எழுதிக் கொடுத்தார். இத்தனை நாள் ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று நான் ஹாலில் கேட்டபோது முனியாண்டிதான் எல்லாருக்கும் சேர்த்துப் பதில் சொன்னார்: "வீட்ல சாப்பிட்டா யாரு டீச்சர் சாட்சி?"

டுரியான் சீசன்

பன்னிரண்டாம் மாசம் எல்லாருக்கும் மறு சோதனை வைத்தேன். பன்னிரண்டு சொல்லை நான் வாசிப்பேன், அரை மணி நேரம் கழித்து அவர்கள் ஞாபகத்திலிருந்து சொல்ல வேண்டும். குடை, மணி, ஆறு, சீப்பு, பாய், இப்படிச் சம்பந்தா சம்பந்தமில்லாத சொற்கள். மூன்று புதன்கிழமைக்குப் பிரித்து வைத்திருந்தேன். முதல் வாரம் வந்தவர்களில் சேகர்தான் அதிகம், ஒன்பது சொன்னார். அடுத்த வாரத்திலிருந்து பிடித்தது அதிசயம். போன தடவை மூன்று சொல்லில் மூச்சு வாங்கின முனியாண்டி பன்னிரண்டையும் மூச்சு விடாமல் ஒப்பித்தார். அவருக்குப் பின்னால் வந்தவரும் அப்படியே. எல்லாருக்கும் ஒரே ராகம்கூட இருந்தது. பட்டியலில் இல்லாத "டுரியான்" என்ற சொல்லையும் கடைசியில் எல்லாரும் சேர்த்துக்கொண்டார்கள். நான் அதைத் தாளுக்குத் தாள் எழுதிவைத்தேன். வருஷக் கடைசி சீசன், ரோட்டோரமெல்லாம் டுரியான் பழம் குவிந்து கிடக்கிறது, வாய்க்கு வரத்தானே செய்யும் என்று எனக்கு நானே விளக்கமும் சொல்லிக்கொண்டேன்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. மாத்திரை நேரத்தை மாற்றினதற்கே இவ்வளவு பலனா! பெரிய தாளில் சிவப்பும் பச்சையுமாகப் படம் போட்டு, மீட்டிங்கில் காட்டுவதற்குச் சுவரில் ஒட்டினேன். டாக்டர் வந்து பார்த்து என் தோளில் தட்டிக்கூடக் கொடுத்தார். மூன்றாவது வாரம் தனம் வந்து பத்துச் சொல் சொன்னார். இனிமேல் கடிதம்தான் பாக்கி என்று நான் துள்ளிக்கொண்டிருந்தேன். அப்போது வேன் ஓட்டுகிற குமரேசன் அண்ணன், இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்கக் கதவைத் திறந்தார். நான் பட்டியலைச் சரிபார்த்து, "குடை, மணி, ஆறு..." என்று வாய்விட்டு வாசித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் கதவில் தாளம் போட்டு, "சீப்பு, பாய், கத்தி, விளக்கு..." என்று ஆரம்பித்து முழுசும் பாடி, டுரியானில் கொண்டுவந்து முடித்தார்.

அலாமாக்! சேகர் வேலை. முதல் வாரம் சோதனை முடித்துப் போனவர், தனக்கு விட்டுப்போன சொல்லை மற்றவர்களிடம் கேட்டுப் பட்டியலைச் சரிசெய்து, பசியில் ஒரு டுரியானையும் சேர்த்து, ஈஜோக்கிலிருந்து கிளினிக் வரைக்கும் வேனில் எல்லாருக்கும் பாட்டாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். டீச்சர் பாவம், கஷ்டப்பட்டுக் கேட்கிறாங்க, எல்லாரும் சரியா சொன்னா சந்தோஷப்படுவாங்க என்று சொன்னாராம். சுவரில் என் படம் சிவப்பும் பச்சையுமாகப் பல்லைக் காட்டியது. குமரேசன் அண்ணன் அதை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஒரு மாத்திரையும் சாப்பிடாமலே நான் முழுசா சொல்லிட்டேன், அப்போ எனக்கு எந்தக் கலர் லா?"

காதில் விழுந்தது

டாக்டர் அந்த மூன்று வாரத் தாளையும் செல்லாது என்று சொல்லிவிட்டார். தனத்தின் தாளையும் சேர்த்துத்தான். அவரும் அந்த வேனில்தானே வந்தார்! பேக்டரிக்கு வருஷக் கடைசி லீவு தொடங்க இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. அதற்குள் கடிதம் போகாவிட்டால் பதினோரு வருஷத்து இடம் வேறு ஆளுக்கு. நான் ஓடிப்போய் வேனிலிருந்து தனத்தை இறக்கிக் கூட்டிவந்தேன்.

எனக்குக் கோபம் சேகர்மேல், அதைவிட என்மேல். கேட்டதென்னவோ தனத்திடம்தான், அதுவும் போலீஸ்காரி மாதிரி. "உண்மையைச் சொல்லுங்க, வேன்ல அந்தப் பட்டியல் உங்க காதுல விழுந்துச்சா இல்லையா?" தனம் கைக்குட்டையை முறுக்கினார். விழுந்தது என்று தலையாட்டினார். "நீங்களும் சேர்ந்து படிச்சீங்களா?" என்றேன்.

தனம் என்னை நேராகப் பார்த்துச் சொன்னார்: "குடை, மணி, சீப்புனு சம்பந்தமே இல்லாம காதுல கேட்டுக்கிட்டே வந்துச்சு டீச்சர், அந்த மாதிரி கேட்டா கண்டுக்காதே, பதில் பேசாதேனு டாக்டர்தானே சொல்லியிருக்காங்க, நான் சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்."

ரிஜெக்ட்

முதலில் நான் சிரித்தேன். அப்புறம் நிஜமாகவே வேனில் ஆட்கள்தான் பாடினார்கள் என்று சொன்னதும் தனம் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர், "அப்போ என் வேல போயிடுமா டீச்சர்?" என்று அழ ஆரம்பித்துவிட்டார். தனம் தாளில் மட்டும் டுரியான் இல்லை என்று டாக்டரிடம் எடுத்துக் காட்டினேன். அவருக்கும் நம்பிக்கை வந்தது. ஆனால் டுரியான் இல்லை என்பதை வைத்துப் பேக்டரிக்குக் கடிதம் எழுத முடியாது என்றார். என்னிடம் இன்னொரு சொற்பட்டியல் இருந்தது, அதை ஒருவரும் கேட்டதில்லை. வெள்ளிக்கிழமை வேன் இல்லாமல் தனியாக வரச் சொன்னோம்.

மழையில் வீட்டுக்காரரின் மோட்டோர் சைக்கிளில் வந்து இறங்கினார். முதல் வேலையாக வீட்டுக்காரர் என்னிடம், "ராத்திரி ஒன்பதுக்கே முழுங்கிட்டா, நான்தான் சாட்சி" என்றார். புதுப் பட்டியலில் தனம் ஒன்பது சொல் சொன்னார், ராகம் இல்லாமல். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அடுத்தது அடையாளம் போடுகிற தாள். புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆரம்பித்தவர், முதல் வரி முடிவதற்குள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். "டீச்சர், இது தப்பு." எனக்கு உயிர் போய்விட்டது. "நிறுத்தாதீங்க, நேரம் ஓடுது, போடுங்க" என்று கத்தினேன். அவர் அசையவில்லை. தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளி, தலையில் இருந்த நாலாவது கட்டத்தையும் ஏழாவது கட்டத்தையும் விரலால் தொட்டார். இரண்டிலும் ஒரே அடையாளம்! காப்பி எடுத்த தாளிலிருந்து காப்பி, அதிலிருந்து காப்பி என்று எடுத்து எடுத்து ஏழாவதில் ஒரு கோடு அழிந்தே போயிருக்கிறது. ஃபைலில் இருந்த கட்டு முழுவதும் அப்படித்தான். எத்தனை பேர் அதில் தடுமாறி நின்றிருப்பார்கள், எத்தனை பேருக்கு "கவனக்குறைவு" என்று எழுதியிருப்பேன்! அவர்கள் பெயரெல்லாம் எனக்கு ஞாபகம் வர ஆரம்பித்தது.

டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் உடனே அலமாரியைக் குடைந்து ஒரிஜினலைத் தேடி எடுத்து, நல்ல காப்பி போட்டு, முதலிலிருந்து தொடங்கினோம். தனத்தின் கைவேகம் சராசரியைவிடக் கொஞ்சம் குறைவு. பிழை ஒன்றுகூட இல்லை. அப்படியே எழுதினேன்: வேகம் குறைவதற்கு மருந்து காரணமாக இருக்கலாம், ஞாபகமும் கவனமும் போதும், குறை கண்டுபிடிக்கிற வேலைக்குத் தாராளமாகப் போகலாம். டாக்டர் நின்றபடியே கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை தனம் வேலைக்குப் போய்விட்டார், இன்றைக்கும் போய்க்கொண்டிருக்கிறார். அன்றைக்குக் கடிதத்தைக் கைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு, மேசையில் கிடந்த அந்தப் பழைய கட்டைத் தட்டி அடுக்கி என் கையில் கொடுக்கும்போது, பதினோரு வருஷ செக்கர் சொன்னது இது: "எங்க பேக்டரியா இருந்தா இந்தக் கட்டு முழுசும் ரிஜெக்ட் டீச்சர், இத பாஸ் பண்ணி விட்ட ஆளத்தான் முதல்ல ஆபிசுக்குக் கூப்பிடுவாங்க."

மாத்திரை மனிதரை எவ்வளவு மந்தமாக்கும் என்று கட்டுக் கட்டாக எழுதிக் கொடுத்திருக்கிறேன், ஒரு மாத்திரையும் போடாமல் நான் இத்தனை வருஷம் எப்படி இவ்வளவு மந்தமாக இருந்தேன் என்பதற்குத்தான் யாரும் இன்னும் சோதனை கண்டுபிடிக்கவில்லை.